பெரியாற்றைத் திருப்பிய பென்னிகுயிக்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல் மாணவர், நாட்டரசன்கோட்டை)

தைத் திங்கள் பிறந்தால் தமிழகமெங்கும் பொங்கல் பொங்குகிறது. கதிரவனுக்கு நன்றி, காளைக்கு நன்றி, உழுத மண்ணுக்கு நன்றி என்று நன்றியையே திருவிழாவாகக் கொண்டாடும் இனம் நம் இனம். தேனி மாவட்டத்துப் பாலார்பட்டி மக்கள் அந்த நன்றிப் பட்டியலில் இன்னொருவரையும் சேர்த்துக் கொண்டிருக்கிறார்கள். ஜனவரி 15ஆம் நாள் ஓர் ஆங்கிலேயப் பொறியாளரின் படத்துக்கு மாலை சூட்டி, அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். அவர் அவ்வூரில் பிறந்தவர் அல்லர். அவர்கள் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அல்லர். அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் சாமி படங்களுக்கு அருகில் அவர் படமும் தொங்குகிறது. அவர்தாம் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்.

அணையைப் பற்றிப் பேசுவோர் பலர் தண்ணீரைப் பற்றியே பேசுவார்கள். நான் இக்கட்டுரையில் கல்லைப் பற்றியும் சற்றுப் பேச விரும்புகிறேன். அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இளமை

பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியப் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் பெரும்போர் நடந்தது. அப்போரில் தந்தை வீழ்ந்தார். அதே களத்தில், பதினேழே வயதான அண்ணன் அலெக்சாண்டரும் மாண்டார். எட்டாவது பிறந்த நாளுக்கு இரண்டே நாட்கள் இருக்கும்போது சிறுவன் ஜான் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தான்.

இங்கிலாந்தில் செல்ட்டனாம் கல்லூரியிலும், பின்னர் அடிஸ்கோம் படைக் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1858இல் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியானார். 1860இல் இந்தியா வந்து சேர்ந்தார். 1868இல் அபிசீனியப் படையெடுப்பில் பணியாற்றினார். போர்க்களத்தில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பத்தில் பிறந்தவர் வாளால் பெயர் எடுக்க எண்ணியிருந்தால் வியப்பில்லை. ஆனால் அவர் பெயர் நிலைத்தது சுண்ணாம்பாலும் கல்லாலும்தான். பொதுப்பணித் துறையில் பாசனப் பணிகளே அவருடைய வாழ்க்கையாயின. 1879இல் கிரேஸ் சாமியர் என்பவரை மணந்தார். ஐந்து பெண்மக்களும் ஓர் ஆண்மகனும் பிறந்தனர்.

நூறாண்டுக் கனவு

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பக்கம் மழை கொட்டுகிறது. மறுபக்கம் மண் காய்கிறது. பெரியாறு மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. கிழக்கே ஓடும் வைகையோ கடலை எட்டுவதற்கு முன்பே வறண்டுவிடுகிறது. இடையில் நிற்பது ஒரு மலைமுகடு. அதைத் துளைத்து மேற்கத்திய நீரைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற எண்ணம் ஆங்கிலேயருடைய மூளையில் முதன்முதலில் உதித்ததன்று என்பதை நாம் பெருமையோடு நினைவிற் கொள்ள வேண்டும். 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராய்ந்தார். வழி இருப்பது தெரிந்தது, பொருள்தான் இல்லை. நம் சிவகங்கைச் சீமைக்கு அடுத்த சேது சீமையில் பிறந்த கனவு அது!

1808இல் கேப்டன் கால்டுவெல் என்பவர் ஆராய்ந்துவிட்டு, இது ஆகாத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1850இல் சிறிய மண் அணை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். நோய் மிகுந்த அந்தக் காட்டில் கூடுதல் கூலி இல்லாமல் வேலை செய்யத் தொழிலாளர்கள் மறுத்ததால் அதுவும் கைவிடப்பட்டது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் மற்றொரு மண் அணைத் திட்டத்தை முன்வைத்தார். ஏடுகள் பெருகின, தண்ணீர் வரவில்லை.

பிறகு வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய அந்தக் கொடுமையில் மாண்டோர் பல இலட்சம். தாது வருடம் என்ற சொல்லை எங்கள் பக்கத்து முதியோர் இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறார்கள். பஞ்சத்துக்குப் பிறகுதான் பெரியாற்றுத் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. 1882இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மண் அணை வேண்டாம், கல் அணையே வேண்டும் என்பது அவருடைய முடிவு. 1884இல் ஒப்புதல் கிடைத்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை. 1887இல் பணி தொடங்கியது.

கல்லில் ஓர் இயற்பியல் பாடம்

நண்பர்களே! நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்து உயரும் என்று முதலாண்டிலேயே படித்துவிட்டோம். 152 அடி ஆழத்துக்கு நீர் நின்றால் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறக்குறைய 46 டன் எடை அழுத்தும். தேர்வில் இதற்கு இரண்டு மதிப்பெண். காட்டாற்றின் நடுவில் நின்று இதற்கு விடை எழுத வேண்டுமென்றால் எப்படி எழுதுவது? பென்னிகுயிக் எழுதிய விடை இதுதான்: அணையின் உச்சியில் அகலம் 12 அடி, அடியில் ஏறத்தாழ 138 அடி. நீர் தள்ளும் விசை மிகுதியாக உள்ள இடத்தில் சுவரும் மிகுதியாகத் தடித்து நிற்கிறது.

இவ்வகை அணையை எடை அணை என்று சொல்லலாம். இதனை நிறுத்தி வைப்பது இரும்பன்று. தன்னுடைய சொந்த எடைதான். அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம். சுமார் 1,200 அடி நீளம். முன்முகமும் பின்முகமும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த கருங்கல் கட்டு. நடுவயிற்றில் சுண்ணாம்பு, சுர்க்கி எனப்படும் செங்கல் தூள், மணல், உடைத்த கல் ஆகியவற்றைக் கலந்த காறை. இன்றைய சிமெண்டு அந்த அணையின் மூலக்கட்டுமானத்தில் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்தால் நீருக்கடியிலும் இறுகும். நம் செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்தச் சாந்தின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அணை பாதி, சுரங்கம் பாதி. தேங்கிய நீரைக் கிழக்கே கொண்டு வர மலைமுகட்டைக் குடைந்து 5,700 அடிக்கு மேல் நீளமான ஒரு வழி வெட்டப்பட்டது. ஒரு மைலுக்கும் மேல் கடினப் பாறை! துளையிட்டு, வெடி வைத்து, சிதறியதை அள்ளி, மீண்டும் துளையிட்டு, முழம் முழமாக முன்னேறினார்கள். அந்த வழியாக வரும் நீர் மலையிறங்கிச் சுருளியாற்றில் சேர்ந்து வைகையில் கலக்கிறது.

எத்தனை வண்டிக் கல்! எத்தனை கூடை ஜல்லி! மலையடிவாரத்திலிருந்து சுண்ணாம்புக்கல் மேலே ஏற வேண்டும். மாட்டுவண்டி ஏறாத இடத்தில் கம்பிவடப் பாதை அமைத்தார்கள். இன்று நான்கு இயந்திரங்கள் நான்கு நாட்களில் செய்வதை அன்று மனிதக் கைகள் மாதக்கணக்கில் செய்தன.

வெள்ளமும் காய்ச்சலும்

ஓடும் ஆற்றில் அணை கட்டுவது எளிதன்று. முதலில் ஆற்றை விலக்க வேண்டும். அதற்குத் தற்காலிகத் தடுப்பணை வேண்டும். பருவமழை வந்ததும் பெரியாறு பொங்கி அந்தத் தடுப்புகளை அடித்துச் சென்றது. மீண்டும் கட்டினார்கள், மீண்டும் சென்றது. சிலந்தி வலை பின்னும் கதையை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். பென்னிகுயிக்கும் அவருடைய ஆட்களும் அதை ஆற்றின் நடுவில் ஆண்டுக்கணக்காகச் செய்தார்கள்.

வெள்ளத்தைவிடக் கொடியது காய்ச்சல். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் நிறுவியதே 1897இல்தான். அதாவது அணை கட்டி முடிந்த பிறகு. எனவே காய்ச்சலின் காரணம் தெரியாமலேயே காட்டில் கூடாரமடித்து வேலை செய்தார்கள். சென்னைப் பயனீர் படைப்பிரிவுகளின் வீரர்கள், கொச்சியிலிருந்து வந்த தச்சர்கள், கீழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்த ஆண்களும் பெண்களும் அங்கே உழைத்தார்கள். 483 பேர் நோயால் இறந்து அணைக்கு வடபால் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பது பதிவு. நோயோடு ஊர் திரும்பி இறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சுற்றுவட்டாரமும் மேலூர்ப் பக்கமும் பச்சை கட்டின. நம் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு பகுதிக் கண்மாய்களுக்குப் பெரியாற்று நீர் வருகிறது.

சொத்தை விற்றாரா?

பென்னிகுயிக்கைப் பற்றி மேடைதோறும் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. அரசு பணம் தர மறுத்துவிட்டதாகவும், அவர் இங்கிலாந்து சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்ததாகவும் அச்செய்தி கூறும். நானும் பள்ளிப் பேச்சுப் போட்டியில் கேட்டு மெய்சிலிர்த்ததுண்டு. ஆனால் இத்திட்டத்தில் பணிபுரிந்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் எழுதிய விரிவான வரலாறும் அரசு ஆவணங்களும் அணை அரசின் பணத்தில் கட்டப்பட்டதையே காட்டுகின்றன.

இதைச் சொல்வதால் அவருடைய புகழ் குறையுமா? குறையாது என்பதே என் எண்ணம். நன்றி மிகுந்த மக்கள் தாம் விரும்பும் ஒருவருக்குக் கதைகளால் ஆடை உடுத்துவது இயல்பு. ஆனால் அறிவியல் மாணவனுக்கு அந்த ஆடை தேவையில்லை. எண்பது ஆண்டுகளாக ஆகாது என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை ஆகும் என்று கணக்கிட்டுக் காட்டியது மெய். வெள்ளம் அடித்துச் சென்ற இடத்திலேயே மீண்டும் கல் வைத்தது மெய். காய்ச்சல் காட்டில் தம் ஆட்களோடு நின்றது மெய். இந்த மூன்று மெய்களே ஒரு மனிதரைப் போற்றப் போதுமானவை.

பிற்காலம்

அணை முடிந்த 1895ஆம் ஆண்டில் அரசு அவருக்கு சி.எஸ்.ஐ. என்ற உயர்ந்த விருதை அளித்தது. சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். 1896இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பி, இந்தியாவுக்குப் பொறியாளர்களை உருவாக்கி அனுப்பிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராக 1899 வரை பணியாற்றினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க ஆலோசனை கூறச் சென்றார். ஓர் ஆற்றை வென்றவரை மற்றோர் ஆறு அழைத்தது போலும்! 1911 மார்ச் 9ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரில் தம் எழுபதாம் வயதில் காலமானார்.

தமிழ்நாடு அவரை மறக்கவில்லை. மதுரையில் பொதுப்பணித்துறை வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2013 ஜனவரி 15 அன்று கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அவர் மறைந்த கேம்பர்லியிலேயே சிலை நிறுவியது. அணையின் நீர்மட்டம் பற்றி இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் வாதங்களுக்குள் நான் புக விரும்பவில்லை. அணை கட்டியவர் இரு பக்கத்து மக்களும் நலமாக வாழ்வதையே விரும்பியிருப்பார் என்று மட்டும் நம்புகிறேன்.

பெயர் பெற்றவரும் பெயரற்றவரும்

இனி, நான் கல்லைப் பற்றிப் பேச விரும்பிய காரணத்தைச் சொல்கிறேன். என் தந்தையார் கல்லுடைப்பவர். எங்கள் குடும்பத்துக்கு முன்பு கொஞ்சம் நிலம் இருந்தது. எங்கள் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் வேறு. தொடர்ந்து சில ஆண்டுகள் கண்மாய் பெருகாமல் போகவே, தாத்தா காலத்திலேயே கல்குவாரி வேலைக்குப் போய்விட்டார்கள் என்று அப்பத்தா சொல்லும். கல்லால் ஒரு பக்கத்துக்குத் தண்ணீர் வந்தது. தண்ணீர் இல்லாததால் ஒரு பக்கத்தார் கல்லுக்குப் போனார்கள். பெரியாற்று வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டும் என் நெஞ்சில் சேர்ந்தே நிற்கின்றன.

படிக்காதவர் வேலை, பலம் இருந்தால் போதும் என்று கல்லுடைப்பைச் சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஒரு பாறையைச் சம்மட்டியால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே உள்ளே விரிசல் உண்டா என்று என் தந்தையார் சொல்லிவிடுவார். எந்தப் பக்கம் பிளக்கும் என்று பார்த்து, வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பு வைத்து, ஒவ்வோர் ஆப்பிலும் சம அளவு அடி கொடுப்பார். கல் நூல் பிடித்தாற்போல் பிளக்கும். ஒலி அலைகளையும் திண்மப் பொருளின் தகைவையும் நான் வகுப்பறையில் கற்கும்போது, இவற்றை என் வீட்டில் ஒருவர் பெயர் தெரியாமலேயே அறிந்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்வேன். ஒரு முறை தெறித்த சில்லு ஒன்று அவருடைய இடக்கண்ணின் பார்வையை மங்கச் செய்துவிட்டது. அன்று அவர் உடைத்த கல் எங்கோ ஒரு சாலையில் கிடக்கிறது. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இதனாலேயே 483 என்ற எண்ணை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. பென்னிகுயிக்கின் பிறந்த நாள் நமக்குத் தெரியும்; தந்தை இறந்த நாள் தெரியும்; அவருடைய கல்லறை இருக்கும் ஊர் தெரியும். அந்த 483 பேரில் ஒருவருடைய பெயராவது நம் வாயில் வருகிறதா? அவர்களிலும் யாரோ ஒருவர் சம்மட்டியால் தட்டிப் பார்த்து, இந்தக் கல் ஆகும், அந்தக் கல் ஆகாது என்று பிரித்து வைத்திருப்பார். அவர் பிரித்து வைத்தது சரியாக இருந்ததால்தான் சுவர் இன்றும் நிற்கிறது. கணக்குப் போட்ட மூளைக்கு மாலை சூட்டுவோம், தவறில்லை. கல் தேர்ந்த கைக்கும் ஒரு பூ வைத்தால் அந்த மாலை குறைந்துவிடாது.

நம் நாட்டில் இதற்கான வழி அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். சட்டத்தின் கண்ணில் வெடி வைத்துக் கல்லெடுக்கும் குவாரியும் சுரங்கமே. சுரங்கங்களின் பாதுகாப்புக்காகத் தேசிய விருதுகளை 1983இல் மத்திய அரசு ஏற்படுத்தியது. விபத்தில்லாமல் வேலை நடத்தும் சுரங்கங்களைப் பாராட்டுவது நல்ல ஏற்பாடு. அந்தப் பாராட்டு ஊரோரக் குவாரிகளையும் எட்ட வேண்டும். விபத்தில்லாமல் முப்பதாண்டு வேலை செய்த ஒரு கல்லுடைப்பவரை ஊர் கூடி ஒரு நாள் மேடையில் அமர்த்தினால், கண்ணுக்குக் கண்ணாடியும் தலைக்குக் கவசமும் அணிய வேண்டும் என்ற பாடம் ஆயிரம் சுவரொட்டிகளைவிட நன்றாகப் பரவும். பாராட்டு என்பது வெறும் பொன்னாடையன்று. இந்த உயிர் எங்களுக்கு வேண்டும் என்று ஊர் சொல்வதுதான் பாராட்டு.

எங்கள் நாட்டரசன்கோட்டை இந்தப் பண்பை அறியாத ஊரன்று. கவிச்சக்கரவர்த்தி கம்பர் அடங்கிய இடமென்று போற்றப்படும் ஊர் அது. ஆண்டுதோறும் பங்குனி அத்தத் திருநாளில் காரைக்குடிக் கம்பன் விழாவின் நிறைவு அங்கே நடக்கிறது. பாடிய புலவனை நாம் மறக்கவில்லை. அந்தப் புலவனும் தனக்குச் சோறிட்ட சடையப்ப வள்ளலை மறக்காமல், காவியத்துக்குள்ளேயே அவர் பெயரை வைத்துவிட்டான். பெரியவன் ஒருவன் தன் பின்னால் நின்றவனைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்வதே மரபு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே! அடுத்த ஜனவரி 15 வரும்போது பென்னிகுயிக்கை நினைப்போம். ஆகாது என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் படித்த பிறகும் அளவுகோலை எடுத்துக்கொண்டு மலையேறிய அந்தத் துணிவை, முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படி மிதித்திருக்கும் என்னைப் போன்றோர் நெஞ்சில் நிறுத்துவோம். அத்துடன், லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் ஒரு சிறு கல்லாவது நட்டு, 483 என்ற எண்ணைத் தமிழில் பொறித்து வைக்குமாறு நம் கல்லூரியின் சார்பில் அரசுக்கு விண்ணப்பம் அனுப்பலாம் என்பது என் வேண்டுகோள். பெயர்கள் கிடைக்காவிட்டாலும் எண்ணிக்கையாவது கல்லில் இருக்கட்டும். அந்தக் கல்லைப் பிளந்து தர என் தந்தையார் கூலி கேட்கமாட்டார்.